பார்த்துவிட்டதாகச் சொன்னாள்

என் உயிரைக் காப்பாற்றியவள் என்று ஐந்து மாதம் ஒருத்தியைக் கொண்டாடினேன். அவள் காப்பாற்றியது உண்மை. அந்த ஐந்து மாதமும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டிருந்ததும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது.

நான் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மாவுடைய தாத்தா காலத்தில் கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். டாலிகஞ்சில் இரண்டாவது மாடியில் வீடு. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் மட்டும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு பிடித்துக்கொண்டதால் டாக்டர் நீந்தச் சொன்னார். ஜாதவ்பூர் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளத்தின் பாதியைக் கயிறு கட்டிப் பிரித்து, பத்துப் பேர் கயாக் பழகிக்கொண்டிருந்தார்கள். மலை ஆற்றில் போவதற்கான குட்டைப் படகு. அதில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை மாதிரி ஒன்றைப் படகின் வாயோடு இழுத்து மாட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே வராது. கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கவேண்டியதுதான். இடுப்பை வெடுக்கென்று திருப்பி, துடுப்பைச் சுழற்றி, படகோடு நிமிரவேண்டும்.

இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தேன். மூன்றாவது வாரம் நானும் உட்கார்ந்தேன்.

அவள் வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய ஈரோட்டிலிருந்து வந்தவள். முதல் நாளே கவிழ்ந்து, நிமிரவும் தெரியாமல், வெளியே வரவும் தெரியாமல் உள்ளே கைகளை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த நான் படகைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். மூக்கு வழியாகத் தண்ணீர் கொட்ட, "அய்யோ சாமீ" என்றாள்.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். "இந்த ஊர்ல தலைகீழா தொங்குனாத்தான் தமிழ் பேசறவங்க கெடைப்பாங்களா?"

அன்றைக்கே அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா ரசம் வைத்திருந்தாள். அவள் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பேசும் தமிழைக் கேட்டுச் சிரித்தாள். "டப்பாவுல போட்டு மூடி வெச்ச மாதிரி இருக்குது உன்ற தமிழு. நடுவுல நடுவுல பெங்காலி வேற." அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமாகூட அவளை என் தங்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நாங்களும் திருத்தவில்லை.

எங்களைப் பழக்கியவரை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் தாதா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கும் வங்காளி. கல்லூரியில் வேலை. பூஜை விடுமுறை முடிந்த கையோடு மாணவர்களை ஏமாற்றிவிட்டு மலைக்குப் போய்விடுவார் என்று அவர் மனைவியே சொல்வாள். அவரோடு இரண்டு முறை வடக்கே போய்வந்தோம். ஹவுராவில் ரயில் ஏறி, மறுநாள் இறங்கி, ஜீப்பின் தலையில் படகுகளைக் கட்டி மலை ஏறவேண்டும். நாங்கள் போனது தீஸ்தாவில் போய்ச் சேரும் ஒரு சிறிய ஆறு. பெரிய ஆறுகளில் ரப்பர் படகில் எட்டுப் பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டு போகிறார்களே, அப்படிப்பட்டதல்ல. சில இடங்களில் இரண்டு கயாக் சேர்ந்தாற்போல் போகமுடியாது. இரண்டு பக்கமும் சுவராகப் பாறை. நடுவில் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர். பேசினால் காது கேட்காத இரைச்சல். ஒரு முறை உள்ளே நுழைந்துவிட்டால், கீழே ஓர் இரும்புப் பாலத்தின் பக்கத்தில்தான் கரையேற முடியும்.

அந்த ஆற்றில் நான் அவளைவிடக் கொஞ்சம் தேறியிருந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பிற்பாடு அவளே அதைக் காரணமாகச் சொன்னாள். நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். எங்கே ஒதுங்கவேண்டும் என்று நான் காட்டுவேன். அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாவது பயணம் நவம்பரில். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் தாதாவின் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவர் வரமுடியாது. டிக்கெட் எடுத்தாயிற்று, ஜீப் டிரைவரிடம் சொல்லியாயிற்று, எனக்கு லீவும் கிடைத்துவிட்டது. "நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். தாதா வங்காள மொழியில் சொன்னார்: "மழைக்கப்புறம் ஆறு எப்படி மாறியிருக்கும்னு யாருக்கும் தெரியாது. போன வருஷம் பார்த்ததை நம்பாதீங்க. மூணாவது வளைவில் இறங்கி, பாறைமேல ஏறி, அந்தப் பக்கம் பார்க்காம படகு விடக்கூடாது. வாக்குக் கொடுங்க."

இருவரும் வாக்குக் கொடுத்தோம்.

காலை பத்து மணிக்கு ஆற்றில் இறங்கினோம். நல்ல வெயில். தண்ணீர் மட்டும் ஐஸ். என் ஹெல்மெட்டில் காமிரா மாட்டும் பிடி உடைந்திருந்ததால் என்னுடைய சின்னக் காமிராவை அவள் ஹெல்மெட்டில் மாட்டினேன். "நல்லதாப் போச்சு, நீ பின்னாடிதானே வருவே, என்னை எடு" என்றேன். முதல் இரண்டு வளைவுகளும் சுகமாகப் போயின. அவள் பின்னாலிருந்து ஊளையிட்டதும் நான் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் அந்தப் படத்தில் இருக்கின்றன.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் இடது கரையில் ஒரு பாறை. அதன் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கும் இடம் ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். படகை இழுத்துப் போட மணலோ மேடோ கிடையாது. ஒருத்தர் இரண்டு படகுகளையும் பிடித்துக்கொண்டு நின்றால்தான் இன்னொருத்தர் ஏறிப் பார்க்கமுடியும். முந்தைய இரண்டு தடவையும் தாதா ஏறினார். ஏறவேண்டிய பாறை இரண்டு ஆள் உயரம், ஈரம், பாசி. உச்சிக்குப் போனால்தான் வளைவின் அந்தப் பக்கம் தெரியும். அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு பெரிய கல்லைச் சுற்றிக்கொண்டு இறங்கும்.

"நீ போய்ப் பாரு. நான் படகைப் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நானா?"

"ஆமா. எப்பவும் நானே முன்னால போறதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் ஆபத்தில் எறிவதற்கான கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டில் கை வைத்துக் காமிராவை ஒரு தட்டு தட்டிவிட்டு, பாறையின் பின்பக்கமாகப் போனாள். என் கண்ணிலிருந்து மறைந்தாள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு படகுகளையும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போனது. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தாள். இரைச்சலில் கேட்பதற்காக என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"பாத்துட்டேன். இடது பக்கம் சுத்தமா இருக்குது. வலது பக்கம் போயிராத, கல்லுக்குக் கீழ பெரிய குழி இருக்குது."

"மரம் கிரம் ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. நீ போ. என்ற படகை இந்த இடுக்குல சொருகிட்டு, நான் இங்கயே கயித்தோட நிக்கறேன்."

போனேன். வளைவில் திரும்பி இடது பக்கம் படகின் மூக்கை வைத்த உடனே பார்த்தேன். முழு மரம் ஒன்று வேரோடு பிடுங்கி வந்து, கரைக்கும் நடுக்கல்லுக்கும் இடையில் குறுக்கே மாட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் அதற்கு அடியில் போகிறது, ஆள் போகமுடியாது. வேகத்தில் திரும்ப இடமில்லை. வலது பக்கம் திறந்து கிடந்தது. குழியும் இல்லை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

படகின் மூக்கு மரத்துக்கு அடியில் போய்விட்டது. மார்புக்கு நேராகக் கட்டை. தண்ணீர் முதுகில் ஏறி என்னை மடக்கியது. ரப்பர் பாவாடையை இழுத்துப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன், ஆனால் வலது கை ஒரு கிளைக்குள் சிக்கிக்கொண்டது. தோளில் ஏதோ கழன்ற சத்தம் காதில் கேட்கவில்லை, உடம்புக்குள் கேட்டது. வாய் ஒரு கணம் தண்ணீருக்கு மேலே, ஒரு கணம் கீழே. அம்மாவிடம் சாவி இருக்கிறதா என்று யோசித்தேன். ஏன் சாவி என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் பாறையின் உச்சியில் தெரிந்தாள். முதல் கயிறு என் தலைக்கு மேலே போய்விட்டது. இரண்டாவது தொலைவில் விழுந்தது. மூன்றாவதை இடது கையால் பிடித்து, பல்லாலும் கடித்தேன். எப்படி இழுத்தாளோ தெரியாது, எடையில் நான் அவளைவிட அதிகம். பாதியில் கயிற்றைப் பாறையில் சுற்றிவிட்டு அவளே கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி வந்து என் ஜாக்கெட்டைப் பிடித்தாள். கரையில் ஒரு திட்டில் என்னைச் சாய்த்து, தன் மேல்சட்டையைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு, "அசையாத, நான் போயி ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். வலது பக்கமாகத் தன் படகை விட்டுக்கொண்டு தனியாகப் போனாள். மூன்று மணி நேரம் கழித்து ஜீப் டிரைவரும், புல் அறுக்கும் தடம் தெரிந்த ஊர்க்காரர்கள் நாலு பேரும் மேலிருந்து கயிறு கட்டி இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் அவள் இறங்கினாள். வாய் நீலம் பாரித்திருந்தது.

அதற்குப் பிறகு யார்தான் அவளைக் கொண்டாடாமல் இருப்பார்கள்?

தோள் மூட்டை இடம் சேர்த்து, கிழிந்த தசைக்கு ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய தூளியில். அவள் தன் அறையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குத் தலை வாரிவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், தோசையைப் பிட்டு ஊட்டினாள். அம்மா அவளைக் கண்ணே என்றுதான் கூப்பிட்டாள். பொங்கலுக்குத் தன்னுடைய அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அந்தப் புடவையை நான் கல்லூரி நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குத் துளியும் பொறாமை வரவில்லை.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவளே கதை சொன்னாள். அரைகுறை வங்காள மொழியில் மாஷிமாவுக்கு, தமிழில் எங்கள் உறவுக்காரர்களுக்கு. ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் நின்று சொல்வாள்: "நான் பாக்கறப்ப மரம் இல்லீங்க. நான் எறங்கி வர்றதுக்குள்ள மேல இருந்து அடிச்சிட்டு வந்து மாட்டியிருக்கோணும்."

தாதா வந்தபோதும் அதையே சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் டீ போட உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீ படகைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அந்த மரம் உன்னைத் தாண்டித்தானே போயிருக்கணும்? அவ்வளவு பெரிய மரம் பக்கத்தில் போனது உனக்குத் தெரியலையா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க அங்க இல்ல தாதா" என்றேன். "இருந்தவ அவதான். அவ இல்லேன்னா நான் இல்ல. தயவுசெஞ்சு இந்த வீட்டில் உட்கார்ந்துக்கிட்டு அவளைச் சந்தேகப்படாதீங்க."

அவர் டீ குடிக்காமலே எழுந்து போனார். அதன்பின் அவர் அனுப்பிய இரண்டு செய்திகளுக்கும் நான் பதில் போடவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கே தெரிந்திருந்தது என்பதுதான் இப்போது என்னை அறுக்கிறது. என்னைத் தாண்டி எந்த மரமும் போகவில்லை. அதை யோசிக்க நான் விரும்பவில்லை.

ஏப்ரலில் அவள் பிறந்தநாள் வந்தது. அவள் ஒரு வாரம் ஈரோடு போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் இரண்டு வருஷப் படங்களைச் சேர்த்து ஒரு சின்ன வீடியோ செய்துவைக்கலாம் என்று தோன்றியது. நவம்பரிலிருந்து திறக்காத பெட்டியைத் திறந்து காமிராவை எடுத்தேன். அதைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள்: "ஏறறதுக்கு முன்னாடியே நான் ஆஃப் பண்ணிட்டேன். ஒண்ணும் இருக்காது. பாக்காத, மனசு கெட்டுப்போகும்."

ஆஃப் ஆகவில்லை. ஒரு தட்டு தட்டினால் பின்னாலிருக்கும் திரை மட்டும்தான் அணையும். படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது என் காமிரா, எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் கைகள் தெரிகின்றன. பாறையில் கை வைக்கிறாள். ஒரு கால் ஏற்றுகிறாள். பாசியில் வழுக்கி, கீழே வருகிறாள். மறுபடியும் கை வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள். பிறகு காமிரா தாழ்கிறது. உட்கார்ந்துவிட்டாள். மடி தெரிகிறது, மடியில் கயிற்றுப் பை. மூச்சு இரைக்கிறது. கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுக்கத்தை அமுக்குகிறாள். நிமிஷங்கள் ஓடுகின்றன. நான் அந்தப் பக்கம் தண்ணீரில் கால் மரத்து நின்றுகொண்டிருந்த அதே நிமிஷங்கள்.

பிறகு, வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். இரைச்சலுக்குள்ளும் கேட்கிறது. "இடது பக்கம் சுத்தமா இருக்குது." கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு முறை. "பாத்துட்டேன். இடது பக்கம் சுத்தமா இருக்குது."

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் வருகிறாள். படத்தில் நான் வருகிறேன். அவளைப் பார்த்ததும் என் முகம் மலர்கிறது.

மீதியையும் பார்த்தேன். என் அலறல் கேட்டதும் அந்தப் பாறையில் அவள் ஏறுகிறாள். ஒரே மூச்சு. நான் எண்ணிப் பார்த்தேன், பத்து வினாடிகூட ஆகவில்லை.

அம்மா வந்து, "என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றாள். "தோள் வலி" என்றேன்.

மூன்றாம் நாள் சென்னை ரயில் வரும் நேரத்துக்கு ஹவுரா போனேன். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு என்று மஞ்சள் பொட்டலம், எனக்கு என்று ஏதோ ஒரு டப்பா. டாக்ஸி வேண்டாம், படகில் போகலாம் என்றேன். ஸ்டேஷனுக்கு எதிரே படித்துறையில் ஃபெர்ரி ஏறினோம். முன்பகல் நேரம், கூட்டம் குறைவு. நடு ஆற்றுக்கு வந்ததும் போனில் அந்தப் படத்தை ஓடவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

பாறையில் கை வைக்கும் இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை மடியில் கவிழ்த்துவைத்தாள்.

"முழுசும் பாரு" என்றேன்.

"வேண்டாம். எனக்குத் தெரியும்."

"ஏன்?"

போன்மேலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள். "காலு ரெண்டும் நடுங்கிருச்சு. ஏற முடியல. முடியலைன்னு வந்து சொன்னா, நீ சிரிச்சிட்டு நீயே போயி ஏறுவ. எப்பவும் நீதான் எல்லாம். அன்னைக்கு ஒரு நாளுதான் நீ போய் பாருன்னு சொன்ன. முடியலைன்னு எப்படிச் சொல்றது? இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் இடது பக்கந்தான போனோம். அதே மாதிரி இருக்கும்னு நெனச்சன்."

"நினைச்சேன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். பார்த்துட்டேன்னு சொன்னே."

தலையைக் குனிந்துகொண்டாள்.

"வலது பக்கம் குழின்னு சொன்னியே. அது எங்கேர்ந்து வந்தது?"

அதற்கு அவள் பதில் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள். "சும்மா சுத்தமா இருக்குதுன்னு மட்டும் சொன்னா நீ நம்பமாட்டியோன்னு இருந்துச்சு. நம்போணுமேன்னு சொன்னன்."

என் கை உயர்ந்தது, வலது கைதான். பாதிக்கு மேல் தூக்கமுடியவில்லை. அடிக்கத் தூக்கினேனா, கம்பியைப் பிடிக்கத் தூக்கினேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்லமுடியாது.

"சரி, அன்னைக்கு பயம். அப்புறம் அஞ்சு மாசம்? எங்க வீட்டில் உட்கார்ந்து, எனக்கு ஊட்டிக்கிட்டு, வர்றவங்ககிட்ட எல்லாம் மரம் அப்புறம்தான் வந்துச்சுன்னு..."

"தினமும் சொல்லோணும்னுதான் எந்திரிப்பேன். உங்கம்மா கண்ணேன்னு கூப்பிடுவாங்க. எப்படிடீ சொல்றது?" அழுதாள். "நானுந்தான தண்ணியில எறங்குனேன். நானுந்தான செத்துருப்பேன். அதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இருக்கு" என்றேன். "அதனாலதான் இப்படி வலிக்குது."

படகு மறுகரையில் முட்டி நின்றது. போனை வாங்கிக்கொண்டு இறங்கி நடந்தேன். அவள் பெரிய பையை இழுத்துக்கொண்டு பின்னால் வரும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அன்று மாலையே தாதா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். வீடியோவைக் காட்டப் போனபோது கையால் தடுத்துவிட்டார். "எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றார். அவளை இனி யாரோடும் ஆற்றுக்கு அனுப்பக்கூடாது என்று சொன்னேன். "அவளே வந்து எல்லார்கிட்டேயும் சொல்லட்டும். அது வரைக்கும் அனுப்பமாட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் குளத்துக்கு வந்து சொன்னாள். நானும் இருந்தேன். ஆனால் அவள் சொன்னது வேறு. பாறை வழுக்கியது, முழுதாக ஏறமுடியவில்லை, பாதியிலிருந்து எட்டிப் பார்த்ததில் சரியாகத் தெரியவில்லை என்றாள். பாதிகூட ஏறவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். போன் என் பையில்தான் இருந்தது. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் போய் அவளை அணைத்துக்கொண்டாள். இன்னொருவர் என்னிடம் திரும்பி, "அவதானே உன்னை இழுத்தா. விட்டுடு" என்றார். எல்லோருக்கும் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. தாதா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று என்மேலேயே எனக்கு இன்னும் ஆத்திரம்.

தாதா அவளுக்கு அதன்பின் ஆற்றில் படகு கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவளே குளத்துக்கு வருவதை நிறுத்தினாள். ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

நான் நிற்கவில்லை. வலது பக்கம் நிமிர வராது என்பதால் இடது பக்கமாகவே நிமிரப் பழகினேன். மறு வருஷம் தாதாவோடும் இன்னும் மூன்று பேரோடும் வேறொரு ஆற்றுக்குப் போனேன். யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரியா இருக்கு, வா" என்று துடுப்பைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் படகைவிட்டு இறங்கிவிடுவேன். நானும் போய் ஏறிப் பார்த்த பிறகுதான் வருவேன். ஒவ்வொரு வளைவிலும். மற்றவர்கள் குளிரில் காத்திருப்பார்கள். ஒருநாள் ஒரு பையன், என்னைவிட வயதில் சின்னவன், துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி அடித்துக் கேட்டான். "தீதி, நான் பார்த்தேன்னு சொல்றேனே, என் வார்த்தைக்கு மதிப்பில்லையா?" நான் பாறையில் ஏறினேன். அவன் சொன்னபடிதான் இருந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீடியோவையும் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். அவள் உட்கார்ந்து நடுங்கிய இடத்தில் அம்மா "ஐயோ" என்றாள். அந்த ஐயோ எனக்காகச் சொன்னதல்ல என்று அப்போதே தெரிந்தது. நான் மரத்தில் சிக்கிய இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன தை மாதம் ஈரோட்டிலிருந்து அம்மா பெயருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்குத் தனியாக வரவில்லை. "குடும்பத்துடன்" என்று கையால் எழுதியிருந்தது, அவள் கையெழுத்து.

"நான் போகப்போறேன்" என்றாள் அம்மா.

என் காதையே என்னால் நம்பமுடியவில்லை. "அவ என்ன பண்ணினான்னு பார்த்தப்புறமுமா?"

"பார்த்தேன். ரெண்டையும்தான் பார்த்தேன். உனக்கு அவ பொய் சொன்னா, அது உன் கோபம். நீ வெச்சுக்கோ, நான் வேண்டாம்னு சொல்லலை. எனக்கு என் பொண்ணு உயிரோட வீட்டுக்கு வந்தா. நான் போய் அட்சதை போட்டுட்டு வந்துடறேன்."

"நீயுமா அம்மா?" என்றேன். அம்மா அலமாரியைத் திறந்து புடவை தேட ஆரம்பித்தாள்.

நான்தான் ஹவுராவில் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட்டேன். பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் திரும்பி வந்தாள். சாப்பிடும்போது தானாகவே சொன்னாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி, பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பந்தி நன்றாக இருந்தது. அவள் அந்த அரக்குப் பட்டுப் புடவையைத்தான் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டியிருந்தாள்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டா. தோள் எப்படி இருக்குன்னு கேட்டா. கையை மேலே தூக்க முடியுதான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"முடியலைன்னு சொன்னேன்." அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். "பொய்யா சொல்லமுடியும்?"

நான் சாப்பிட்டு முடித்து, தட்டை இடது கையால் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.